சோஃபா கிளீனிங் தொழில் தொடங்கப் போறீங்களா? மெஷின் வாங்கும் முன் இதைப் பாருங்க!

சங்கரன்கோவில் என்றதும் விசைத்தறி, ஆடித்தபசு, பிரியாணி என மூன்றும் வரிசையாக நினைவுக்கு வரும். கூடவே எல்லா ஊரையும் போல இங்கும் வீட்டு சோஃபா, கார் சீட், கல்யாண மண்டப மேடை சோஃபா என்று துணி போர்த்திய இருக்கைகளுக்குக் குறைவில்லை. அவற்றைச் சுத்தம் செய்து கொடுப்பதையே தொழிலாக எடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு முதல் பெரிய செலவே மெஷின்தான்.

அதைத் தப்பா வாங்கினால் நஷ்டம் மெஷினோடு நிற்காது. வாடிக்கையாளர் வீட்டு சோஃபா ஈரத்தில் நாறும், சாயம் போகும். ஒருத்தர் சொன்னா ஊரே தெரிஞ்சுக்கிற சின்ன ஊரில், முதல் மாதமே கெட்ட பேர் வாங்கினால் தொழிலே போச்சு. அப்போ எதைப் பார்த்து வாங்கணும்? முழு விவரம் இதோ.

எந்த மெஷின் எதற்கு?

கடையில் "சோஃபா கிளீனர்" என்ற பேரில் காட்டப்படுபவை பெரும்பாலும் மூன்று வகை.

* வெட் அண்ட் ட்ரை வேக்குவம்: தூசியையும் தண்ணீரையும் உறிஞ்சும். தண்ணீர் தெளிக்காது. ஷாம்பு போட்டுத் தேய்ப்பது உங்கள் கைவேலை.
* ஸ்டீம் கிளீனர்: நீராவியால் அழுக்கை இளக்கும். ஆனால் இளகிய அழுக்கை வெளியே எடுக்காது. வெல்வெட் துணி, பசை போட்டு ஒட்டிய இடங்கள் சூட்டில் கெடவும் வாய்ப்பு உண்டு.
* ஸ்ப்ரே எக்ஸ்ட்ராக்ஷன் மெஷின்: ஒரு பம்ப் கரைசலைத் துணிக்குள் தெளிக்கும், தனி மோட்டார் அதை அழுக்கோடு சேர்த்து உடனே இழுக்கும். நல்ல தண்ணீருக்கு ஒரு டேங்க், அழுக்குத் தண்ணீருக்கு ஒரு டேங்க் இருக்கும்.

தொழிலாகச் செய்யப் போகிறவர்களுக்கு மூன்றாவது வகைதான் சரியான தேர்வு. லெதர், ரெக்ஸின் சோஃபாவுக்கு மட்டும் இது தேவையில்லை. தூசியை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதற்கான கிளீனர் தொட்ட மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தாலே போதும்.

தெளிப்பதை விட இழுப்பதுதான் முக்கியம்

இந்தத் தொழிலின் அடிப்படையே இதுதான். தண்ணீரை உள்ளே விடுவது எந்த மெஷினும் செய்யும். அதைத் திரும்ப எடுப்பதில்தான் தரம் தெரியும்.

இது நூறு வருஷத்துக்கு மேல் பழைய பாடம். லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும் மெஷின் ஒன்றைப் பார்த்தார். ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று யோசித்தவர், உணவகம் ஒன்றில் இருக்கையின் மேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையில் படிந்த அழுக்கே பதில் சொன்னது. 1901-ல் வேக்குவம் கிளீனருக்கு அவர் காப்புரிமை பெற்றார்.

சோஃபாவின் ஸ்பாஞ்சுக்குள் தண்ணீர் தங்கிவிட்டால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கலாம். பருத்தித் துணி அளவுக்கு மேல் நனைந்தால், காயும்போது பழுப்புக் கறை மேலே ஏறி வரும். அடியில் இருக்கும் பிளைவுட் ஊறி உப்பும்.

பெட்டியில் எந்த எண்ணைப் பார்க்கணும்?

பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட்ஸ் என்பது மெஷின் தின்னும் கரண்ட். அது உறிஞ்சும் திறன் இல்லை. பார்க்க வேண்டியவை இவை.

* உறிஞ்சு அழுத்தம்: கிலோ பாஸ்கல் அல்லது மில்லிபார் கணக்கில் இருக்கும். 1 கிலோ பாஸ்கல் என்பது 10 மில்லிபார். இரண்டு மெஷினை ஒப்பிடும்போது ஒரே அலகுக்கு மாற்றிப் பாருங்க.
* காற்றோட்டம்: வினாடிக்கு எத்தனை லிட்டர் காற்றை இழுக்கிறது என்ற கணக்கு. அழுத்தம், காற்றோட்டம் இரண்டும் சேர்ந்தால்தான் சோஃபா சீக்கிரம் காயும்.
* பம்ப் அழுத்தம்: 1 பார் என்பது சுமார் 14.5 பிஎஸ்ஐ. பெரிய கார்பெட் மெஷின்களில் இது 100 பிஎஸ்ஐ-க்கு மேலும் இருக்கும். சோஃபாவுக்கு அவ்வளவு தேவையில்லை. அதிக அழுத்தம் தண்ணீரை ஸ்பாஞ்சின் ஆழத்துக்குத் தள்ளிவிடும். அழுத்தத்தைக் குறைக்கும் வசதி இருப்பது நல்லது.
* டேங்க் அளவு: மாடிப்படி ஏற வேண்டும் என்பதை மறக்காதீங்க. 10 லிட்டர் தண்ணீரே 10 கிலோ. மெஷினின் எடை அதற்கு மேல்.
* கைப்பிடி நாசில்: சோஃபாவுக்கென தனி சின்ன நாசில் கட்டாயம். முன்பக்கம் கண்ணாடி போல இருந்தால், வரும் தண்ணீர் தெளிந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம்.

உறிஞ்சும் மோட்டார் பைபாஸ் வகையா என்றும் கேளுங்கள். இதில் மோட்டாரைக் குளிர்விக்கும் காற்று தனி வழியில் போகும் என்பதால் ஈரக்காற்று மோட்டாருக்குள் நுழையாது.

கடையிலேயே செய்யக்கூடிய டெஸ்ட்

விற்பவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே அளவில் வெட்டிய ஸ்பாஞ்சுத் துண்டுகளைக் கொண்டு போங்க. ஒவ்வொன்றிலும் 1 லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி, ஒவ்வொரு மெஷினாலும் ஒரே நேர அளவு இழுக்கச் சொல்லுங்கள். அழுக்கு டேங்கில் வந்த தண்ணீரை அளந்தால் எது அதிகம் இழுத்தது என்று தெரிந்துவிடும். பிறகு ஸ்பாஞ்சின் மேல் டிஷ்யூ பேப்பரை அழுத்திப் பாருங்க. சொட்டச் சொட்ட நனைந்தால் அந்த மெஷினை விட்டுடுங்க.

கரண்ட் விஷயத்தில் கவனம்

நம் வீடுகளில் வரும் மின்சாரம் 230 வோல்ட். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் அதிகபட்சம் 1,380 வாட்ஸ்தான் எடுக்க முடியும். அதற்கு மேல் இழுக்கும் மெஷினுக்கு 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். கன்வெர்ட்டர் பிளக் மாட்டி ஓட்டினால் வயர் சூடாகிக் கருகும்.

தண்ணீரும் கரண்டும் ஒன்றாக இருக்கும் வேலை இது. எர்த் உள்ள மூன்று பின் பிளக், தடித்த எக்ஸ்டென்ஷன் கேபிள், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி ஆகியவற்றில் சமரசம் கூடாது. இது உயிர் சம்பந்தப்பட்டது.

துணி தெரிந்து தண்ணீர் விடுங்க

கம்பெனி சோஃபாக்களில் ஆங்கில எழுத்துக் குறியீடு இருக்கலாம். 'டபிள்யூ' என்றால் தண்ணீர் கலந்த கிளீனர் போடலாம். 'எஸ்' என்றால் சால்வென்ட் மட்டும், தண்ணீர் கூடாது. இரண்டு எழுத்தும் சேர்ந்திருந்தால் இரண்டுமே சரி. 'எக்ஸ்' என்றால் வேக்குவம் மட்டும்தான்.

உள்ளூரில் செய்த சோஃபாவில் லேபிளே இல்லையா? கண்ணில் படாத ஓரத்தில் கரைசலைத் தொட்டு, வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்க. சாயம் ஒட்டினால் மெஷினை இறக்கவே கூடாது.

துணி துவைக்கும் பவுடரும் வேண்டாம். நுரை டேங்கை நிரப்பி மோட்டார் வரை போகும். துணியில் தங்கும் பிசுக்கு சீக்கிரமே மறுபடி அழுக்கைப் பிடிக்கும். நுரை குறைந்த எக்ஸ்ட்ராக்ஷன் கரைசலே சரி. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளைப் படிவு வரும், நாசிலும் அடைக்கும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் எடுத்துப் போங்க.

பில், சர்வீஸ், கடன்

சர்வீஸ் சென்டர் திருநெல்வேலியிலா, மதுரையிலா, சென்னையிலா? கார்பன் பிரஷ், பம்ப், ஹோஸ் தனியாகக் கிடைக்குமா? மெஷின் பழுதாகிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லாத நாள் என்பதால், விலையைப் பேசும் முன் இதைக் கேளுங்கள்.

முதலீட்டுக் கணக்கும் போட்டுப் பாருங்க. உதாரணத்துக்கு, 40,000 ரூபாய் மெஷின் வாங்கி, ஒரு சோஃபாவுக்கு செலவு போக 500 ரூபாய் நின்றால், 80 சோஃபா முடித்த பிறகுதான் லாபம் தொடங்கும். முதலில் ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பழகிப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் விடாதீங்க.

2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாக் கடனுக்கு வங்கியில் விண்ணப்பிக்கலாம்.

பில் கட்டாயம் வாங்குங்க. தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கும் பொருளுக்கு 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

வாங்கும் முன் ஒரு நிமிஷ செக்லிஸ்ட்

* ஸ்ப்ரே எக்ஸ்ட்ராக்ஷன் வகைதானா?
* ஸ்பாஞ்ச் டெஸ்டில் தண்ணீரை நன்றாக இழுத்ததா?
* சோஃபாவுக்கான சின்ன நாசில் கூடவே வருகிறதா?
* எத்தனை வாட்ஸ், எந்த பிளக்?
* சர்வீஸும் ஸ்பேரும் எங்கே?
* சீரியல் நம்பரோடு பில், வாரன்டி கார்டு கைக்கு வந்ததா?

ஆறுக்கும் சரியான பதில் கிடைத்தால் மட்டும் பணத்தைக் கொடுங்க.