மனுக் கொடுக்காதவள்

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை சந்தை கூடும். ஆடு வாங்க வியாபாரிகள் வருவார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வறண்ட ஊர்களில் பெண் கையில் கொஞ்சம் காசு நிற்க ஆடுதான் வழி. பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கும். ஆடு மேய்வதோ புறம்போக்கிலும் காட்டோரத்திலும். அந்தக் காட்டுக்கான சட்டங்களை ஆட்டுக்காரியின் பக்கம் நின்று படித்துப் பார்க்கலாம்.

1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. ஓரிடத்தைக் காப்புக்காடாக்கப் போவதாக அரசு அறிவிக்கும். அங்கே உரிமை உள்ளவர்கள், மூன்று மாதத்துக்குக் குறையாத கெடுவுக்குள், வன நிர்ணய அலுவலரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கேட்காத உரிமை இறுதி அறிவிக்கையோடு அழிந்துபோகும். நியாயமான ஏற்பாடுபோலத்தான் தெரிகிறது. ஆனால் சுள்ளி பொறுக்குவதையும், சீமாற்றுப் புல் அறுப்பதையும், ஆடு ஓட்டுவதையும் எந்தப் பெண் ‘உரிமை’ என்று நினைத்திருப்பாள்? அது அன்றாட வேலை. வேலைக்கு யார் மனு எழுதுவார்கள்? எழுதவும் கச்சேரி ஏறவும் கூடியவர்கள் மணியக்காரரும் நிலக்காரரும்தான்.

அமெரிக்காவில் 1964 செப்டம்பர் 3 அன்று வனாந்தரச் சட்டம் கையெழுத்தானது. அதற்காக உழைத்த மார்கரெட் மூரி அப்போது உடனிருந்தார். 91 லட்சம் ஏக்கர் பொதுநிலம் ஒரே நாளில் காப்பாற்றப்பட்டது, சாதாரணக் காரியமல்ல. ஆனால் அந்தச் சட்டத்தின் பார்வையில் மனிதர் அங்கே வந்துபோகிறவர், தங்குகிறவரல்ல. பூர்வகுடிகள் அங்கே தலைமுறை தலைமுறையாகத் தங்கியவர்கள் என்பது அந்த வரையறையில் இல்லை.

நம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலும் இந்த எண்ணத்தின் சாயல் உண்டு. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காப்புக்காடுகளில் 686.406 சதுர கிலோமீட்டர், காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் ஆனது. தமிழ்நாட்டின் 17ஆவது சரணாலயம் இது. காவிரி வடக்குச் சரணாலயத்தையும் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயத்தையும் இணைக்கிறது. மாநில எல்லை யானைக்குத் தெரியாது. ஓசூர் பக்கம் தொழிற்பேட்டைகள் பெருகும் வேகத்தைப் பார்த்தால் இந்தப் பாதுகாப்பு அவசியம் என்றே சொல்வேன்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. புதிய நிலத்தைச் சரணாலயமாக்கினால் அங்குள்ளோரின் உரிமைகளை ஆட்சியர் விசாரிக்க வேண்டும். காப்புக்காடு என்றால் அந்த விசாரணை தேவையில்லை; பழைய வனச் சட்டத்தின்கீழ் எல்லாம் முடிந்துவிட்டதாகக் கணக்கு. ஆக, 2022இல் ஆடு ஓட்டுகிறவளுக்குப் பதில் சொல்வது அவள் கொள்ளுப்பாட்டி காலத்துப் பதிவேடு.

அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் வனப்பகுதிகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று அதைத் திருத்தியது. எட்டு மாதத்தில் இந்தக் காடும் சரணாலயமாகிவிட்டது.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஒன்றுதான் இந்தக் கணக்கைத் திரும்பத் திறக்கிறது. சரணாலயத்துக்கும் அது பொருந்தும். மேய்ச்சலையும் சிறுவனப் பொருள் சேகரிப்பையும் உரிமை என்றே பெயர் சொல்லி எழுதுகிறது. மணமானவர்கள் என்றால் பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும். பழங்குடியல்லாதவர்கள் மட்டும் 2005க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அடுத்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் யாருடைய தலைமுறையை எண்ணுவாள்? கோரிக்கைகளை வாங்கும் கிராம வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்பதும் விதி. கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு வைத்தால் அவள் ஆட்டோடு இருப்பாள்.