இரு முடிப்புகளும் ஒரு பிழையும்

அண்மையில் என் உறவுக்காரப் பெண் ஒருத்தி, தேவாலயப் பாடகர் குழுவுக்கெனக் கணினியில் தான் எழுதிய இசைத்தாளொன்றை எனக்கு ஒலிக்கவிட்டுக் காட்டினாள். இரண்டாம் முறை வந்தபோது எங்கோ இடறியது. முடிந்துவிட்ட வரி இன்னொரு முறை முடிந்தது. மேற்கத்திய இசையில் எனக்குப் பயிற்சி இல்லை. ஆயினும் அந்த இடறல் எனக்குப் பழக்கமானதே. ஈய எழுத்துக் காலத்தில் பத்திரிகையில் பணியாற்றியவர்கள் அதனை உடனே அடையாளம் கண்டுகொள்வர். திருத்திய வரியைக் கோத்துச் செருகிய அச்சுக்கோப்பாளர், பிழையான பழைய வரியை எடுக்க மறந்துவிடுவார். மறுநாட் காலையில் இரண்டு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்று எங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

நம்முடைய பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு சரணத்தின் கீழும் ‘பல்லவி’ என்று அடைப்புக்குள் ஒரு சொல் மட்டும் இருக்கும். பாடுபவர் தாமே மேலே சென்று திரும்புவார். மேற்கத்திய இசைத்தாளில் அதே வேலையை இரட்டைக் கோடும் இரு புள்ளிகளும் செய்கின்றன. உலோகத் தகட்டில் ஒவ்வொரு குறியையும் செதுக்கியும் தட்டியும் பதித்த காலத்தில், ஒரு பகுதியை இரு தடவை பதிப்பது உழைப்புக்கும் தாளுக்கும் கேடு. ஆனால் இரண்டாம் முறை முடிவு மாறுமானால் என்ன செய்வது? மேலே ஒரு கோடிட்டு 1 என்றும், அடுத்ததில் கோடிட்டு 2 என்றும் எழுதினர். முதல் முறை 1 ஐ வாசி. திரும்பி வந்ததும் 1 ஐத் தாண்டி 2 க்குப் போ. இத்தாலியரின் ‘பிரிமா வோல்டா’, ‘செகொண்டா வோல்டா’ என்பன இவையே.

இச்சிறு கோட்டை ஒருவர் சரியாக விளங்கிக்கொள்ளாததால் நேர்ந்த பிழை, இசை வரலாற்றின் மிகப் பெயர்பெற்ற படைப்பொன்றிலேயே உள்ளது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி 1808 டிசெம்பர் 22 இல் வியன்னாவில் அரங்கேறியது. 1809 இல் லைப்சிக் நகரின் பிரைட்கொப் அன்ட் ஹார்ட்டல் நிறுவனம் அதன் வாத்தியப் பகுதிகளை வெளியிட்டது. மூன்றாம் பகுதி மீண்டும் ஒருமுறை முழுதாக ஒலிக்கவேண்டும் என்று முதலில் எண்ணியிருந்த பீத்தோவன், அதற்காக ஈரிரு தாளக்கட்டுகள் கொண்ட இரு முடிப்புகளைக் கையெழுத்துப் பிரதியில் 1, 2 எனக் குறித்திருந்தார். பின்னர் அந்த மீள்வைக் கைவிட்டார். அச்சில் மீள்வு இல்லை. ஆனால் 1 க்குரிய இரு கட்டுகளும் 2 க்குரிய இரு கட்டுகளும் அடுத்தடுத்து நின்றன. எங்கள் அச்சுக்கோப்பாளரின் பிழையேதான்!

1810 ஓகஸ்ட் 21 இல் பீத்தோவன் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதி, இரு கட்டுகள் மிகையாக உள்ளன என்று சுட்டிக்காட்டினார். திருத்தம் வரவில்லை. 1826 இல் வெளிவந்த முழுத்தாளிலும் அவை இருந்தன. மறு ஆண்டு அவர் மறைந்தார். 1846 இல் மெண்டல்சன் ஆஹன் நகர இசைவிழாவில் இதனை நடத்திய வேளையிலேயே விடயம் கிளறப்பட்டது. பதிப்பகமும் அக்கடிதத்தை வெளியிட்டது. முப்பத்தாறு ஆண்டுகள்! ஆசிரியரே கைப்பட எழுதிய திருத்தக் கடிதம் இவ்வளவு காலம் கிடப்பில் கிடந்ததென்பது, ஒப்புநோக்காளர்களோடு காலமெல்லாம் மல்லுக்கட்டிய எனக்கே திகைப்பளித்தது. கதை அத்தோடு முடியவுமில்லை. அந்த மீள்வைப் பீத்தோவன் உண்மையில் கைவிட்டாரா என்ற வாதம் தொடர்ந்தது. 1977 இல் பீட்டர் கியூல்கே தமது பதிப்பில் அதனை மீண்டும் சேர்த்தார்.

கணினி வந்தபோது இந்தப் பழைய சிக்கல் புதிய உருவெடுத்தது. 1988 இல் வகுக்கப்பட்ட மிடி கோப்புமுறை, எந்த நொடியில் எந்தச் சுரம் என்று வரிசையாக மட்டுமே பதிவுசெய்கிறது. ‘திரும்பிப் போ’ என்ற கட்டளை அதில் இல்லை. மீள்வரும் பகுதி இரு தடவை விரித்து எழுதப்படும். அதனைத் திரும்ப இசைத்தாளாக்கினால், சுருங்கிய ஒரு பக்கம் மூன்று பக்கமாய் நீளும். மறுபுறம், கோட்டை வெறும் படமாக வரைந்தால் தாள் அழகாக இருக்கும். கணினியோ அதனைக் கட்டளையென அறியாது, இரு முடிப்புகளையும் தொடர்ந்து வாசித்துவிடும்.

இவ்விரண்டுக்கும் இடையில் வழி தேடியவர்கள் பலர். நாட்டார் இசையை எழுத்துகளால் குறித்துவந்த கிறிஸ் வோல்ஷோ என்ற ஆங்கிலேயரின் ஏபிசி முறையில், ஒரு நெடுங்கோடும் அதனருகே 1 அல்லது 2 என்ற எண்ணுமே போதும். லிலிபொண்ட் என்ற இலவச மென்பொருளில், ‘இதனை இரு முறை, மாற்று முடிப்புகள் இவை’ என்று சொற்களாலேயே எழுதவேண்டும். கோட்டை அது தானே வரைந்துகொள்ளும். எனக்குப் பிடித்தது இதுவே. எழுத்துக்காரனின் பக்கச்சார்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்கல் குட் என்பவர் உருவாக்கிய மியூசிக் எக்ஸ்.எம்.எல். முறையின் முதற் பதிப்பு 2004 இல் வெளிவந்தது. எத்தனையாவது முறை இதனை வாசிப்பது என்ற எண்ணையும், தாளில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தையும் அது வேறாக்கி வைத்தது. ஆயினும் மை அங்கும் விடவில்லை. கோட்டின் முடிவு கீழ்நோக்கி மடிகிறதா, திறந்து நிற்கிறதா என்பதற்கும் தனித்தனிச் சொற்கள் வேண்டியிருந்தன.

இது வல்லுநர்களின் வீண் வாதம் என்று நினைக்கவேண்டாம். 1988 இலிருந்து புழங்கிவந்த பினாலே என்ற மென்பொருளின் உருவாக்கத்தை நிறுத்துவதாக 2024 ஓகஸ்டில் அதன் உரிமையாளர் அறிவித்தனர். பயனர்களுக்கு அவர்கள் கைகாட்டிய மாற்று, டொரிக்கோ. அந்த டொரிக்கோவும் 2016 இல் வெளியானபோது இம்முடிப்புக் கோடுகளின்றியே வந்தது. பின்னரே அவை சேர்ந்தன. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்த இசைக்கோப்புகள் மியூசிக் எக்ஸ்.எம்.எல். வழியாக வீடு மாறவேண்டும். கோடாக மட்டும் வரையப்பட்ட முடிப்பு, போய்ச்சேர்ந்த இடத்திலும் கோடாகவே இருக்கும்.

அந்தப் பெண்ணின் தாளிலும் இதுவே நடந்திருந்தது. கோட்டையும் எண்ணையும் அவள் தனித்தனியே வரைந்திருந்தாள். நான் பீத்தோவனின் கடிதத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவற்றை அழித்து, மென்பொருளின் முடிப்புக் குறியை இட்டு, மறுபடி ஒலிக்கவிட்டாள். இம்முறை பாடல் ஒரு தடவையே முடிந்தது.