பட்டம் பெறாதவரின் எறும்புச் சிலந்தி

விடுமுறை நாள் காலையில் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் நடப்போர், புதரருகே மண்டியிட்டு மூச்சை அடக்கியிருக்கும் இளைஞர் ஓரிருவரையாவது காண்பர். கேமராவின் முனையில் மேக்ரோ லென்ஸ். அதன் முன் ஓர் இலை. இலையின் அடியில் ஒரு சிலந்தி. இதனை அண்மைக்காலப் பொழுதுபோக்கு என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் இந்நகரில் இப்பழக்கத்திற்கு ஒரு நூற்றாண்டை நெருங்கும் வரலாறு உண்டு. அதன் நடுவில் நிற்பவர் முறையான அறிவியல் பட்டம் எதுவும் பெறாத ஒருவர்.

பூச்சி, சிலந்தி ஆய்வில் கல்கத்தாவின் முதன்மைக்கு நிறுவனங்களே அடித்தளம். 1814இல் இந்திய அருங்காட்சியகம் தோன்றியது. 1869இல் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, வங்க ஆசியக் கழகத்தின் இதழில் இந்தியச் சிலந்தியினங்களைப் பற்றி எழுதினார். 1916இல் இந்திய விலங்கியல் அளவைத்துறை நிறுவப்பெற்றது. அருங்காட்சியகத்தில் சிலந்திகளை ஆராய்ந்த எஃப். எச். கிரேவ்லி 1920இல் சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றார்; அவ்வகையில் இவ்வரலாற்றின் ஒரு கிளை எழும்பூர்வரை நீள்கிறது. எனினும் இவ்வாய்வுகள் பெரிதும் சாராயப் புட்டியில் இட்ட உடல்களையே நம்பியிருந்தன. புட்டியில் நிறம் மங்கும். நடத்தை முற்றிலும் மறையும்.

உயிருள்ள பூச்சியின் நடத்தையைத் தன் ஆய்வுப் பொருளாகக் கொண்டவர் கோபால் சந்திர பட்டாச்சார்யா (1895-1981). ஃபரீத்பூர் மாவட்டத்து லோன்சிங் கிராமத்தில் பிறந்தவர். வறுமையால் கல்லூரிப் படிப்பைக் கைவிட்டுப் பள்ளி ஆசிரியராகவும் பின்னர்த் தொலைபேசி இயக்குநராகவும் பணியாற்றினார். அழுகும் தாவரங்கள் இருளில் ஒளிர்வதைக் கண்டு 'பிரவாசி' என்னும் வங்க மாத இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதனைப் படித்த ஜகதீஷ் சந்திர போஸ் அவரை அழைத்துக்கொள்ள, 1921இல் போஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். பின்னர் எறும்பு, சிலந்தி, தலைப்பிரட்டை என்று சிற்றுயிர்களை நோக்கவும் ஒளிப்படம் எடுக்கவும் தொடங்கினார்.

அன்று அது எளிய செயலன்று. பொருளும் அதன் பிம்பமும் ஒரே அளவினதாக இருக்க வேண்டுமெனில், லென்ஸைத் தகட்டிலிருந்து அதன் வழக்கமான தொலைவைப் போல் இருமடங்கு தள்ளி வைக்க வேண்டும். அப்போது தகட்டில் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே நான்கு மடங்கு நேரம் ஒளியை உள்ளே விட வேண்டும். சிலந்தியோ அவ்வளவு நேரம் அசையாதிருப்பதில்லை.

அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று எறும்பைப் போல் தோன்றும் குதிக்கும் சிலந்தி. 1937இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் இதன் இயல்புகளை விளக்கி எழுதினார். இது ஒப்பாக நடிப்பது, இலைகளைப் பட்டிழையால் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பை. அவ்வெறும்பின் கடிக்கு அஞ்சிப் பிற உயிர்கள் விலகுவதால் சிலந்திக்கும் பாதுகாப்புக் கிட்டுகிறது. உடலில் எறும்பினது போன்ற இடுக்கம். முன்னங்கால்கள் இரண்டும் உணர்கொம்புகளைப் போல் உயர்ந்து அசையும். ஆணின் தாடைகளோ முன்னோக்கி நீண்டு, ஓர் எறும்பு மற்றோர் எறும்பைச் சுமந்து செல்வதாகவே மயக்கும். படத்தில் கால்களை எண்ணினால் எட்டு. உண்மை உடனே வெளிப்படும். ஆனால் வேடத்தின் உயிர் அசைவில் இருக்கிறது. அசைவு ஒற்றைப் படத்தில் அகப்படாது. ஆகவே படத்தை நிறைவு செய்தவை அவருடைய நாட்குறிப்பும் தொடர்ந்த நோக்கலுமே. செவ்வெறும்புக் கூட்டத்தில் ராணியும் வேலையாளும் உருவாவதில் உணவுக்குள்ள பங்கை அவர் ஆராய்ந்ததும் இத்தகைய பொறுமையால்தான்.

மொழியியல் மாணவன் என்ற முறையில் ஒரு சொற்குறிப்பு. வங்கத்தில் 'நால்ஸோ' எனப்படும் இவ்வெறும்பு நமக்கு முசிறு, முசுறு. சங்க இலக்கியத்தில் முயிறு. உயிர் உசிராகவும் மயிர் மசிராகவும் வழங்கும் அதே யகர-சகர மாற்றம் இது. சொல் இவ்வளவு பழையதாயிருக்க, இன்று நம்மவர் படங்களின் கீழ் இப்பெயர் காணப்படுவது அரிது.

கோபால் சந்திரர் ஆய்வுத்தாள்களை ஆங்கிலத்திலும் பொதுமக்களுக்கான எழுத்தை வங்கத்திலும் படைத்தார். 1948இல் சத்யேந்திரநாத் போஸின் முன்முயற்சியால் தோன்றிய வங்க அறிவியல் மன்றத்தில் பங்கேற்று, அதன் 'ஞான் ஓ விஞ்ஞான்' இதழைத் தொகுத்தார். 'பாங்லார் கீட்-பதங்க' என்னும் நூலுக்கு 1975இல் ரவீந்திர விருது கிடைத்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது 1981இல். அவ்வாண்டே அவர் மறைந்தார். நம் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996 வரை இதே நகரின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளேட்டில் இயற்கைக் குறிப்புகள் எழுதினார், தமிழிலும் எழுதினார். எனினும் அவருடைய தமிழ்க் கட்டுரைகளைப் படித்தோர் நம்மிடையே சிலரே.

இதனை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் எழுதும் கட்டுரைகள் ஆய்வாளனின் கணக்கில் சேரா என்று எனக்கு ஒருமுறை அறிவுரை கூறப்பட்டது. நடைமுறையில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கோபால் சந்திரருக்கு ஆய்வகத்தின் கதவைத் திறந்தது பட்டமன்று. தாய்மொழி இதழில் வெளிவந்த ஒரே ஒரு கட்டுரை. அதனைப் படித்து அழைக்க ஒரு போஸ் இருந்தார் என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே.

பூச்சிகளைப் படமெடுக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: படத்தின் கீழ் நாள், இடம், செடியின் பெயர், அவ்வுயிர் என்ன செய்துகொண்டிருந்தது என்ற நான்கையும் குறியுங்கள், உங்கள் ஊரார் வழங்கும் பெயரையும் சேருங்கள். இவை இல்லாத படம் அழகாயிருக்கலாம், சான்றாகாது. பேராசிரியர்களிடம் இன்னொரு வேண்டுகோள்: அக்குறிப்புகள் தமிழில் எழுதப்பட்டிருந்தால் அதற்காகவே அவற்றைப் புறந்தள்ளாதீர்கள்.