பச்சைப் பாக்கெட்டுக்குள்ளே என்ன?

பிரிட்டனில் உருளைக்கிழங்கு சிப்ஸுக்கு 'கிரிஸ்ப்ஸ்' என்று பேர். இறைச்சி ரேஷன் காலத்தில், 1948இல், லெஸ்டர் நகரக் கறிக்கடைக்காரர்களான வாக்கர்ஸ் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள். இன்று அவர்களுடைய சீஸ்-வெங்காயம் நீலம்; உப்பு-வினிகர் பச்சை. போட்டி நிறுவனமான கோல்டன் வொண்டரில் நேர் எதிர். சூப்பர் மார்க்கெட்டுகளின் சொந்த பிராண்டுகளும் பெரும்பாலும் கோல்டன் வொண்டர் பக்கம்தான்.

"வாக்கர்ஸும் முன்னாடி பச்சைதான், நடுவுல மாத்திட்டாங்க" என்று அடித்துச் சொல்கிறவர்கள் அங்கே ஏராளம். நிறுவனமோ மாற்றவே இல்லை என்கிறது. மற்ற பிராண்டுகளில் பார்த்துப் பழகிய நிறம்தான் நினைவில் இடம் மாறியிருக்கும் என்பது என் ஊகம்.

நிறம் வெறும் வழக்கம். ஆனால் சீஸ் சுவையில் பெரும்பாலும் பால்பொருள் இருக்கும். பால் ஒவ்வாமை உள்ளவர்கள் நிறத்தை நம்பாதீங்க, பின்பக்க எழுத்தைப் படிங்க.