பரங்கிமலைக்குத் தாமதமாக வந்த அரை டன் கருவி

1802 ஏப்ரல் 10ஆம் தேதி நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலையடியில் சங்கிலியை விரித்தபோது, அவருக்கு மிகவும் வேண்டிய கருவி மதராசுக்கே வந்து சேரவில்லை. லண்டனில் வில்லியம் கேரி செய்த, கோணங்களை அளக்கும் தியோடலைட் அது. கிடைவட்டத்தின் விட்டம் மூன்று அடி, எடை அரை டன்னுக்கு மேல். அதை ஏற்றிவந்த கப்பலை நடுக்கடலில் பிரெஞ்சுக்காரர்கள் மடக்கி மொரீஷியசுக்கு ஓட்டிப் போய்விட்டார்கள். சண்டைக்கு உதவாத அறிவியல் கருவி என்று தெரிந்ததும், அங்கிருந்த ஆளுநர் மரியாதையோடு மதராசுக்கே அனுப்பிவைத்தார். அந்தக் காலத்துப் பகைமையில் இப்படியும் சில நாகரிகங்கள் இருந்தன.

கருவி வரும்வரை லாம்டன் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஒரு நேர்கோட்டை அளந்து முடித்தார். இரண்டரை அடி நீளமுள்ள நாற்பது எஃகுத் துண்டுகள் கோத்த நூறடிச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாமென்றதால் இந்தியாவுக்கு வந்தது. வெயிலில் எஃகு நீளும். அதனால் முக்காலிகள் மேல் மரத்தொட்டிகளை அடுக்கி, அதில் சங்கிலியைக் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, நானூறு முறை எடுத்து வைத்தார்கள். மே 22இல் வேலை முடிந்தது. நீளம் ஏழரை மைல், கணக்காகச் சொன்னால் 40,006 அடியும் சொச்சமும். இன்று அந்தக் கோட்டைப் பிடித்து நடந்தால் வேளச்சேரி – தாம்பரம் சாலையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அதற்கு முன்பே யாராவது வீட்டுச் சுவரில் முட்டிக்கொள்வோம்.

ஒரு பக்கம் தெரிந்துவிட்டால் மற்ற பக்கங்களைச் சங்கிலி போட்டு அளக்க வேண்டியதில்லை, கோணங்கள் போதும். செப்டம்பர் வாக்கில் தியோடலைட் வந்ததும் அந்த வேலை தொடங்கியது.

பலகோணத்தின் உட்கோணங்களைப் பள்ளியில் எல்லோரும் கூட்டியிருப்போம். ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைகளுக்குக் கோடு இழுத்தால், பக்கங்களின் எண்ணிக்கையைவிட இரண்டு குறைவாக முக்கோணங்கள் கிடைக்கும். முக்கோணத்துக்கு 180 டிகிரி. அறுகோணத்துக்கு நான்கு முக்கோணம், 720 டிகிரி. ஒழுங்கு அறுகோணமானால் மூலைக்கு 120. வாசலில் பதிக்கும் அறுகோண பேவர் பிளாக் மூன்று ஒரு புள்ளியில் இடைவெளி விடாமல் சேர்வதும் மூன்று 120 சேர்ந்து 360 ஆவதால்தான்.

லாம்டனுக்கு இந்தக் கூட்டல்தான் தணிக்கை. இரண்டு கோணம் தெரிந்தால் மூன்றாவது தானே வந்துவிடும். ஆனாலும் மூன்று முனைகளுக்கும் கருவியைச் சுமந்துபோய் மூன்றையும் அளந்தால், பிசகு கூட்டலில் காட்டிக்கொடுக்கும். முக்கோணம் ஒழுங்கானதாக, கோணத்துக்கு 60 டிகிரியை ஒட்டி இருந்தால் இன்னும் நல்லது. ஒடுங்கிய கோணத்தில் சிறு பிழை பக்க நீளத்தில் பெரிதாக ஏறிவிடும்.

இங்கேதான் பள்ளிக் கணக்கு கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. பூமி உருண்டை. பல மைல் அகலமான முக்கோணத்தின் கூட்டல் 180ஐத் தாண்டும். ஏறத்தாழ 197 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விகலை, அதாவது டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு. பெரிய முக்கோணத்தில் கச்சிதமாக 180 வந்தால், அளவில் எங்கோ பிசகு என்று அர்த்தம். மூன்றடி வட்டத்தின் விளிம்பில் ஒரு விகலை என்பது மில்லிமீட்டரில் 450இல் ஒரு பங்குதான். அதைப் பிடிக்கத்தான் நுண்ணோக்கிகளும், அரை டன் உலோகமும்.

மேற்குக் கடற்கரை வரை முக்கோணங்களைக் கோத்தபோது தீபகற்பத்தின் அகலம் 360 மைல் என்று தெரிந்தது. பழைய வரைபடங்களில் 400.

1808இல் தஞ்சாவூர். தட்டையான தென்னந்தோப்பு நாட்டில் குன்றுக்கு எங்கே போவது? பெரிய கோயில் விமானத்தின் மேல் கருவியை ஏற்றினார்கள். சுவரில் இடிக்காமல் இழுத்துப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி பெட்டியோடு போய்க் கல்லில் மோதியது. வட்டம் நெளிந்துவிட்டது. வேறொருவர் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் போனார். பெரிய பலகையில் தனக்கு வேண்டிய அளவில் ஒரு வட்டத்தை வெட்டினார். ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து, நெளிந்த விளிம்பை அந்த வட்டத்தில் பொருந்தும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தார். வளைந்த ஆரங்களைச் சிறு மரச் சுத்தியால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம். ஏறக்குறைய பழைய வடிவம் திரும்பியது. அதை வைத்தே மேற்கொண்டு அளந்தார்கள்.

1823இல் லாம்டன் ஹிங்கன்காட்டில் இறந்தார், நில அளவைப் பொறுப்பு ஜார்ஜ் எவரெஸ்டுக்குப் போனது. எவரெஸ்ட் கருவிகள் விஷயத்தில் கறாரானவர். ஹென்றி பாரோ என்ற கருவி வல்லுநரை வரவழைத்து, அடிபட்ட தியோடலைட்டைக் கழற்றிப் புதுப்பிக்க வைத்தார். பாரோவுக்குப் பிறகு அந்தப் பதவிக்கு 1843இல் வந்தவர் நம் ஆர்க்காட்டுக்காரர், சையத் மிர் மொஹ்சின் ஹுசைன். மதராசில் நகைக்கடை வேலையிலிருந்து நில அளவைக்கு வந்தவர். லாம்டனுக்குப் பரங்கிமலை மேல் மார்பளவுச் சிலை இருக்கிறது. கருவியைப் பார்க்க வேண்டுமானால் டேராடூனில் உள்ள இந்திய நில அளவைத் துறைக்குப் போக வேண்டும்.