எழுதப்படாத அதிகாரமும் எழுதப்பட்ட விதியும்: பைத்தான் சமூகத்தின் ஆட்சிமாற்றம், 2018–19

திறந்த மூல மென்பொருள் என்பது, தன் மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமம் அளிக்கும் மென்பொருளாகும். இதனை உருவாக்குவோர் பல நாடுகளில் சிதறி, சிலர் நிறுவன ஊதியத்திலும் பலர் ஊதியமின்றியும் உழைப்பவர்கள் ஆதலின், அனைவருக்கும் பொதுவான முதலாளி ஒருவர் இல்லை. ஆயினும் எந்த மாற்றம் ஏற்கப்படும், எது தள்ளப்படும் என்பதை யாரேனும் இறுதிசெய்தே ஆகவேண்டும். அந்த இறுதிச் சொல் யாருடையது என்னும் வினாவைப் பைத்தான் நிரலாக்க மொழியின் சமூகம் 2018 பிப்ரவரி முதல் 2019 பிப்ரவரி வரையான ஓராண்டில் எதிர்கொண்ட விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வாண்டில் நேர்ந்தது ஒரு தலைவரின் விலகல் மட்டுமன்று. எங்கும் எழுதிவைக்கப்படாத ஓர் அதிகாரத்தைக் கைமாற்றித் தர இயலாது என்பது வெளிப்பட்டதும், அதனால் அதிகாரத்தின் ஊற்றையே புதிதாக வரையறுக்க நேர்ந்ததும் அதன் மையச் செய்திகள் என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

முன்வரலாறு

நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம், ஆம்ஸ்டர்டாமிலுள்ள கணிதம் மற்றும் கணினியியல் தேசிய ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1989 டிசம்பரில் பைத்தானை எழுதத் தொடங்கி 1991 பிப்ரவரியில் அதனைப் பொதுவெளியில் வெளியிட்டார். அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த 1995ஆம் ஆண்டில், மொழியின் வளர்ச்சியை மேற்பார்வையிட ஒரு குழு அமைப்பது பற்றிய பேச்சினிடையே, 'கருணையுள்ள ஆயுட்காலச் சர்வாதிகாரி' என்னும் பட்டம் அவருக்கு வேடிக்கையாகச் சூட்டப்பட்டது. 'முதலாவது இடைக்கால' என்ற அடைமொழியும் அதன் முன் சேர்க்கப்பட்டிருந்தது. ஆயுட்காலத்தையும் இடைக்காலத்தையும் ஒரே மூச்சில் சொன்ன அந்த நகைச்சுவையே பின்னர் 23 ஆண்டுகள் நடைமுறை அரசியலமைப்பாக விளங்கியது.

சமூகம் பெருகியபோது சில அமைப்புகள் உருவாயின. மொழியில் மாற்றம் கோருபவர் அதற்கான காரணங்களையும் தொழில்நுட்ப விவரங்களையும் மறுப்புரைகளையும் ஓர் ஆவணமாக எழுதி முன்வைக்கும் 'பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு' முறை 2000ஆம் ஆண்டில் வந்தது. ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு இது 'பெப்' எனப்படுகிறது. பதிப்புரிமையையும் நிதியையும் கவனிக்கும் பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை 2001இல் நிறுவப்பட்டது. ஒவ்வொரு பதிப்பையும் உரிய நாளில் வெளிக்கொணரும் பொறுப்பு வெளியீட்டு மேலாளர்களிடம் விடப்பட்டது. பின்னாளில், தமக்கு நேரமோ துறையறிவோ போதாத முன்மொழிவுகளைப் பிறரிடம் ஒப்படைத்து அவர்களைக் கொண்டே தீர்ப்பளிக்கச் செய்யும் வழக்கத்தையும் வான் ராசம் கைக்கொண்டார். எனினும் இவையனைத்தும் அவரது சொல்லின் நிழலில் நின்றவையே. தீர்ப்பளிப்பவரை அமர்த்துபவர் அவர். அவரை அமர்த்தியவர் என்று சுட்டுவதற்கு ஒருவருமில்லை.

முன்மொழிவு 572

நெருக்கடிக்குக் காரணமான முன்மொழிவு அளவில் மிகச் சிறியது. ஒரு மதிப்பை ஒரு பெயரில் இருத்தும் செயல் 'மதிப்பிருத்தல்' எனப்படும். பைத்தானில் அதுவரை அது தனியொரு கூற்றாக மட்டுமே அமைய முடிந்தது. மதிப்பொன்றைத் தரும் நிரல்தொடராகிய கோவையின் உள்ளே அதனை இடமுடியவில்லை. ஆகவே ஒரு கோப்பிலிருந்து ஒரு பகுதியைப் படித்து, அது வெறுமையா என்று சோதித்து, பின் அதனைப் பயன்படுத்த விரும்பும் நிரலர் இவற்றைத் தனித்தனி வரிகளில் எழுதவேண்டியிருந்தது. 2018 பிப்ரவரி இறுதியில் கிறிஸ் ஆஞ்சலிக்கோ எழுதிய 572ஆம் முன்மொழிவு, முக்காற்புள்ளியும் சமக்குறியும் இணைந்த புதிய குறியீட்டின் வழியாகக் கோவைக்குள்ளேயே மதிப்பிருத்த இடமளித்தது. பக்கவாட்டில் பார்த்தால் கண்களும் தந்தங்களும் போலத் தோன்றுவதால் அக்குறிக்கு 'வால்ரஸ்' என்னும் செல்லப்பெயர் வாய்த்தது. பின்னர் டிம் பீட்டர்ஸும் வான் ராசமும் இதன் இணையாசிரியர் ஆயினர்.

எதிர்ப்பாளர்களின் வாதம் வசதி பற்றியதன்று, மொழியின் இயல்பு பற்றியது. ஒரு செயலைச் செய்யத் தெளிவான வழி ஒன்றே இருக்கவேண்டும், எளிமையே சிறப்பு என்று பைத்தான் தன்னைப் பற்றிச் சொல்லிவந்த கொள்கைக்கு இது முரண் என அவர்கள் கருதினர். அக்கொள்கைகளைத் தொகுத்து எழுதியவரான பீட்டர்ஸே முன்மொழிவின் பக்கம் நின்றது இப்பூசலின் முரண்நகைகளுள் ஒன்று. நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்களில் விவாதம் படர்ந்து, சொன்னவற்றையே பலர் திரும்பச் சொல்லும் நிலை உண்டானது. மே மாதத்தில் கிளீவ்லாந்து நகரில் கூடிய மொழி உச்சிமாநாட்டில் இம்முன்மொழிவோடு சேர்த்து, இத்தகைய விவாதங்களை எவ்வாறு நடத்துவது என்பதே பேசுபொருளானது. ஜூலைத் தொடக்கத்தில் வான் ராசம் முன்மொழிவை ஏற்றார். 12ஆம் நாள் தம் பதவியைத் துறந்தார்.

விட்டுச்சென்ற வெற்றிடம்

'அதிகாரக் கைமாற்றம்' என்ற தலைப்பில் அவர் எழுதிய மடல், தலைப்புக்கு மாறாக, அதிகாரத்தை எவருக்கும் கைமாற்றவில்லை. ஒரு முன்மொழிவுக்காக இவ்வளவு போராடியும் தம் முடிவைப் பலர் வெறுப்பதைக் காணும் நிலை இனி வேண்டாம் என்று கூறிய அவர், வாரிசு எவரையும் நியமிக்க மறுத்தார். குடியாட்சியா, கூட்டாட்சியா, மற்றொரு சர்வாதிகாரமா என்பதைச் சமூகமே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார். உடனடியாக வழிகாண வேண்டியவை என அவர் சுட்டியவை இரண்டு: முன்மொழிவுகளை இனி எவ்வாறு தீர்மானிப்பது, புதிய மைய உருவாக்குநர்களை எவ்வாறு சேர்ப்பது. மூல நிரல் களஞ்சியத்தில் மாற்றங்களை நேரடியாகச் சேர்க்கும் உரிமை பெற்றவர்களே மைய உருவாக்குநர் எனப்படுவோர்.

அதன்பின் வந்த மாதங்கள், எழுதப்பட்ட வழக்கத்துக்கும் எழுதப்படாத அதிகாரத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டின. விலகலுக்கு இரு வாரங்கள் முன்பு வெளியாகியிருந்த 3.7 பதிப்பின் பிழைகள் தொடர்ந்து திருத்தப்பட்டு, அக்டோபர் 20 அன்று 3.7.1 வெளிவந்தது. வெளியீட்டு மேலாளரின் பொறுப்பு ஏற்கெனவே வரையறுக்கப்பட்டிருந்ததால் அப்பணிக்கு எவர் அனுமதியும் தேவைப்படவில்லை. மாறாக, மொழியின் இயல்பை மாற்றும் முன்மொழிவுகள் தேங்கின. அவற்றுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும் உரிமை ஒரு மனிதரோடு ஒட்டியிருந்து அவரோடே நீங்கிவிட்டது.

இதே பருவத்தில், செப்டம்பர் 16 அன்று, லினக்ஸ் இயங்குதளத்தின் கருவகத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தம் கடுமொழிக்கு வருத்தம் தெரிவித்துச் சில வாரங்கள் ஒதுங்கினார். அங்கே கிரெக் குரோவா-ஹார்ட்மன் பணியைக் கவனிக்க, அக்டோபரில் டோர்வால்ட்ஸ் திரும்பினார். லினக்ஸில் நிகழ்ந்தது தற்காலிக விடுப்பு, பைத்தானில் நிகழ்ந்தது நிரந்தர விலகல் என்பதே இரண்டின் விளைவுகளையும் வேறாக்கியது.

ஏழு வரைவுகள்

சமூகம் தனக்குத் தெரிந்த கருவியையே எடுத்தது: ஆட்சிமுறையையும் ஒரு முன்மொழிவாக எழுதச் செய்தது. 8000 என்னும் எண்ணில் தொடங்கிய ஆவணங்களுள் 8001 வாக்களிப்பு முறையையும், 8002 ரஸ்ட், ஜாங்கோ, ஓப்பன்ஸ்டாக், ஜூபிடர் முதலிய பிற திட்டங்களின் ஆட்சிமுறைகளையும் விவரித்தன. செப்டம்பரில் ரெட்மண்ட் நகரில் நேரில் கூடிய மைய உருவாக்குநர்களின் பணி வாரத்திலும் இதுவே முக்கிய பேச்சாயிற்று.

போட்டியிட்ட வரைவுகள் ஏழு. பாரி வார்சாவின் 8010 தனித்தலைவர் முறையைத் தொடர விரும்பியது; அத்தலைவருக்கு அது பரிந்துரைத்த பதவிப்பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'கைடோ' என்றே வரும். மரியாட்டா விஜயாவும் வார்சாவும் எழுதிய 8011 மூவர் ஆட்சியை நாடியது. வூகாஷ் லங்காவின் 8012 தலைவரும் குழுவும் வேண்டாம், துறை வல்லுநரும் மைய உருவாக்குநரின் வாக்குமே போதும் என்றது. ஸ்டீவ் டவரின் 8013 மைய உருவாக்குநர் அல்லாத வெளியாரிடம் தீர்ப்பை ஒப்படைத்தது. யாக் யான்சனின் 8014 வாக்குரிமையைச் சமூகத்தினர் அனைவருக்கும் திறந்துவிட்டு, முடிவு தெளிவாக உள்ளதா என்று பார்க்க மட்டும் மூத்தோர் அவை ஒன்றை வைத்தது. விக்டர் ஸ்டின்னரின் 8015 பணிக்குழுக்களையும் அவற்றுக்கு மேல் ஒரு வழிநடத்தும் குழுவையும் கொண்டது. நத்தானியேல் ஸ்மித்தும் டொனால்ட் ஸ்டஃப்டும் எழுதிய 8016 ஐவர் கொண்ட வழிகாட்டுக் குழுவை முன்வைத்தது.

டிசம்பர் 1 முதல் 16 வரை நடந்த வாக்கெடுப்பில் காண்டர்சே முறை பின்பற்றப்பட்டது. வாக்காளர் எல்லாத் தெரிவுகளையும் விருப்ப வரிசையில் அடுக்க, ஒவ்வொன்றையும் மற்றொன்றோடு இணையிணையாக மோதவிட்டு, எல்லா மோதல்களிலும் வெல்வதைத் தேர்வதே அம்முறை. 'மேலும் விவாதிக்கலாம்' என்பதும் தெரிவுகளில் ஒன்றாக இடம்பெற்றது. வாக்குரிமை மைய உருவாக்குநர்களுக்கே வழங்கப்பட்டது. மொழியைப் பயன்படுத்தும் பெருந்திரளுக்கோ அறக்கட்டளையின் உறுப்பினர்களுக்கோ அது இல்லை. களஞ்சியத்தைத் திறக்கும் சாவியாக இருந்த ஒரு தொழில்நுட்ப உரிமை, இவ்வாறு அரசியல் உரிமையாக உருமாறியது. எந்த வரைவு வென்றது என்பதைக் காட்டிலும், அதிகாரம் எவரிடமிருந்து பிறக்கிறது என்பதற்குக் கிடைத்த இந்த விடையே ஆண்டின் ஆழமான மாற்றம் எனலாம்.

குறைவாகப் பேசிய வரைவின் வெற்றி

வென்றது 8016. அதன் ஆசிரியர்கள் தங்கள் வரைவு சலிப்பூட்டுவதாக இருக்கவேண்டும் என்பதையே ஓர் இலக்காக வைத்திருந்தனர்; தாங்கள் ஆட்சியியல் வல்லுநர் அல்லர், புதிய அரசியல் சோதனைகளுக்குப் பைத்தான் தகுந்த களமும் அன்று என்பது அவர்கள் நிலை. முன்மொழிவுகளை எப்படித் தீர்மானிப்பது என்ற சிக்கலான வினாவுக்கு அவ்வரைவு விடை கூறவில்லை. விடை காணும் பொறுப்பைத் தேர்ந்தெடுக்கப்படும் குழுவிடம் விட்டது. குழுவுக்குப் பரந்த அதிகாரத்தைத் தந்துவிட்டு, அதனை இயன்றவரை பயன்படுத்தாமல் இணக்கத்தைத் தேடுமாறும், இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருக்குமாறும் பணித்தது.

வரையறைகளைப் பொறுத்தமட்டில் அது கண்டிப்பானது. ஒவ்வொரு பெரும்பதிப்புக்குப் பின்னும் புதிய தேர்தல். ஒரே நிறுவனத்தில் பணிபுரிவோர் இருவருக்கு மேல் குழுவில் இருக்கலாகாது. மூன்றில் இரு பங்கு வாக்கால் குழுவை நீக்கலாம். புதிய மைய உருவாக்குநரைச் சேர்க்கவும் விதிகளைத் திருத்தவும் அதே அளவு ஆதரவு தேவை. இவ்விதிகள் 13ஆம் முன்மொழிவாகப் பதிவாயின. 2019 பிப்ரவரி 4 அன்று முடிந்த முதல் தேர்தலில் தகுதியுள்ள 96 பேரில் 69 பேர் வாக்களித்தனர். பாரி வார்சா, பிரெட் கேனன், கேரல் வில்லிங், நிக் கோக்லன் ஆகியோருடன், ஏழு மாதங்கள் முன்பு விலகிய வான் ராசமும் தேர்வானார். ஆள் மாறவில்லை எனினும் அவர் அமர்ந்த இருக்கையின் தன்மை மாறியிருந்தது. இம்முறை அதற்கு ஒரு காலவரையறை இருந்தது, அதனை வழங்கியவர்களின் எண்ணிக்கையும் பதிவில் இருந்தது.

விதியின் சோதனை

சர்ச்சைக்குரிய வால்ரஸ் குறி 2019 அக்டோபரில் 3.8 பதிப்புடன் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் நடந்த இரண்டாம் தேர்தலிலிருந்து வான் ராசம் விலகிக்கொண்டார். தரவின் வடிவத்தைப் பொருத்திப் பார்த்துக் கிளைபிரியும் 'வடிவப் பொருத்தம்' என்னும் வசதியை அவரும் பிறரும் 2020இல் முன்மொழிந்தபோது, 572ஐப் போன்றே கடும் விவாதம் மூண்டது. நிக் கோக்லன் மாற்று வரைவு ஒன்றை எழுதினார். முதற்குழுவின் ஐவரில் இருவர், இப்போது எதிரெதிர் மனுதாரர்களாக நின்றனர். 2021 பிப்ரவரியில் வழிகாட்டுக் குழு முன்னவரின் 634ஆம் முன்மொழிவை ஏற்று, பின்னவரின் 642ஐத் தள்ளியது. விவாதத்தின் வெம்மையை விதிகள் தணிக்கவில்லை. ஆனால் 2018இல் ஒரு தனிமனிதரின் தோள்மேல் இறங்கிய அந்தப் பாரம் இம்முறை ஐவர் மேல் பகிர்ந்து இறங்கியது. தீர்ப்புக்குப் பின் பதவி துறந்தோர் எவருமில்லை.