சைக்கிள் மிதித்து வானொலி கேட்ட வடக்கு

நந்தி கல்யாணம் நெருங்கிடுச்சு. ஊரே பந்தல் பேச்சில் இருக்க, நான் மொட்டைமாடி ஏரியல் கம்பியைச் சுருட்டி வைத்துவிட்டேன். இந்த வருஷ சீசன் முடிஞ்சது. ('முந்திக் கல்யாணம்' கதையை ஆரம்பிக்காதீங்க மக்களே, எனக்கு அதெல்லாம் முடிஞ்சு பல வருஷமாச்சு :-))

மார்கழி, தை ராத்திரிகள்தான் மீடியம் வேவில் தூரத்து நிலையம் தேடுபவர்களுக்கு அறுவடைக் காலம். பகலில் அலைகளை விழுங்கிவிடும் வானத்துக் கீழ்ப்படலம், பொழுது சாய்ந்ததும் கரைந்துபோகும். அப்புறம் மேல்படலத்தில் பட்டுத் திரும்பி எங்கெங்கிருந்தோ குரல் வரும். கோடை வந்தால் இடிமின்னல் கரகரப்புதான் மிச்சம். பின்லாந்தின் வடகோடி லாப்லாந்தில் இதற்காகவே கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பி இழுக்கிறார்கள். அங்கே கோடையில் சூரியன் மறைவதே இல்லை, சீசன் தானாகவே முடிஞ்சுடும்.

நம்ம பக்கத்தில் தூரத்து நிலையம் என்றால் முதலில் கொழும்புதான். இரண்டாம் உலகப்போரில் படைகளுக்காக நிறுவிய சக்திவாய்ந்த டிரான்ஸ்மிட்டர் போர் முடிந்து இலங்கை வானொலி கைக்கு வந்தது. 1952ல் அமைச்சரான பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கிவைக்க, நம்ம ஆட்கள் முள்ளைத் தெற்கே திருப்பிட்டாங்க. 1957 அக்டோபர் 3ல் விவித் பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் சட்டென்று போகவில்லை.

ஆனா எனக்கு மறக்காத கதை பாட்டு சம்பந்தப்பட்டதில்லை.

1990 ஜூனில் இலங்கையில் மறுபடி போர் மூண்டது. யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. வடக்கே போகக்கூடாத பொருட்களின் பட்டியலில் பெட்ரோலோடு பேட்டரியும் இருந்தது. டார்ச் லைட்டுக்குப் போடும் அந்தச் சின்ன பேட்டரிதாங்க! அதுக்கு அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருத்தர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்தார்கள். சுற்றுகிற வேகம் குறைந்தால் குரலும் தேயும். செய்தி முடியும்வரை கை ஓயக்கூடாது. யாரைச் சுட்டார்கள், எந்த ஊரில் குண்டு விழுந்தது என்பதெல்லாம் லண்டன் போய், பிபிசி தமிழோசையாக அவர்களிடமே திரும்பி வரணும்.

யாழ்ப்பாணம் நம்ம திருமழபாடியிலிருந்து நேர்கோட்டில் 200 கிலோமீட்டருக்குள்தான். இங்கே இரவு 9.15க்கு நாம் சாப்பாட்டுத் தட்டோடு கேட்ட அதே ஒலிபரப்பை, அங்கே அதே நிமிஷத்தில் வியர்த்து விறுவிறுத்துக் கேட்டார்கள். நாம் பொழுதுபோக்கு என்று சொல்லும் விஷயம் அவர்களுக்கு 'இன்றைக்கு வீட்டில் படுக்கலாமா, பதுங்குகுழிக்குப் போகணுமா' என்ற கேள்வி.

1941 மே 3ல் தொடங்கிய அந்தச் சேவைக்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தவரும் ஓர் ஈழத்தவர்தான், சோ.சிவபாதசுந்தரம். 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு அதன் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. அடுத்த வருஷம் மணிலாவின் வேரித்தாஸும் சிற்றலையை விட்டது. லாப்லாந்துக்காரர்களுக்கு அடுத்த செப்டம்பரில் சீசன் திரும்ப வரும். இதுக்கு வராது.

அன்னிக்குப் பெடல் சுற்றிய பையன்களுக்கு இப்போ ஐம்பது வயசை ஒட்டி இருக்கும். டொரன்டோவிலோ பாரிஸிலோ இருக்கலாம். உங்களுக்கு அப்படி ஒருத்தரைத் தெரிஞ்சா, எந்த வீட்டு முற்றம், யாருடைய சைக்கிள், யார் யார் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்க. நிலையத்தில் ஒலிநாடா இருக்கலாம், முற்றத்தில் நடந்தது அதில் இருக்காது.